நான்கு பொம்மைகளும் ஒன்பது நீதிபதிகளும்

வந்தார் ஒரு தோழர், சென்ற வாரம். கோவைப் பக்கத்து நூல் ஆலையிலே ரிங் பிரேம் ஓட்டுபவர். நமது கூட்டங்களிலே முன்வரிசை நாற்காலி தேடமாட்டார். பந்தற்கால் ஓரமாக நின்று, கடைசிப் பேச்சாளர் முடிக்கும் வரையில் கேட்டுவிட்டு, விடியற்கால ஷிப்டுக்கு ஓடுகிறவர். வந்தவர் கையிலே மகளின் மதிப்பெண் பட்டியல். கணக்கிலே 91! முகத்திலே மகிழ்ச்சி கூத்தாட வேண்டும். ஆடவில்லை.

"புள்ள காலேசுல மனோதத்துவம் படிக்கோணும்கறா, தம்பி. அதுலயும் ஏதோ சமூக மனோதத்துவமாம். என்ர கூட வேலை செய்யறவங்க சிரிக்கறாங்க. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா அனுப்பப் போறேன்னு கேக்கறாங்க. கணக்குல இத்தன மார்க்கு வாங்குன புள்ளைக்கு இது எதுக்குங்க?"

கேலியாகக் கேட்கவில்லை அவர், கவலையோடு கேட்டார். மூன்றாண்டுக் கல்லூரிச் செலவு என்பது அவர் கணக்கிலே எத்தனை இரவு 'ஓவர்டைம்' என்பதை நாம் அறிவோம். ஆகவே, "படிப்பு நல்லதுதான், சேருங்கள் அண்ணே" என்று கூறி அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை. உட்காரச் சொன்னோம். தேநீர் வந்தது. ஒரு கதை சொன்னோம். கட்டிய கதை அல்ல; நடந்த கதை. அவரிடம் கூறியதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம். இதே கவலை இன்னும் எத்தனையோ வீடுகளிலே இருக்குமல்லவா!

உளநூல் என்றதும் நோயும் மருந்தும்தான் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. நோயுற்ற மனத்துக்கு வைத்தியம் செய்வது அந்நூலின் ஒரு கிளை, மதிக்கத்தக்க கிளை. ஆனால் அந்தப் பெண் நாடுவது வேறு கிளை. நோய் ஏதுமற்ற மனிதன், நீங்கள், நாம், ஆலை மேஸ்திரி, மளிகைக் கடைக்காரர், பிறர் நடுவே நிற்கும்போது என்ன ஆகிறான், எதற்குப் பணிகிறான், யாரை வெறுக்கிறான், ஏன் தன்னையே வெறுக்கிறான் என்று ஆராய்வது சமூக உளவியல். ஒரே தாய் வயிற்றிலே பிறந்து, ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்ந்த அண்ணனும் தம்பியும் ஏன் இரு வேறு குணத்தினராய் இருக்கிறார்கள் என்று ஆராய்வது ஆளுமை உளவியல். இரண்டையும் பல்கலைக் கழகங்களிலே பெரும்பாலும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். காரணம் உண்டு. மனிதன் செய்வது அவன் இயல்பாலா, அவன் நிற்கும் இடத்தாலா என்ற வழக்கு அவ்விரண்டுக்கும் இடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. இரண்டும் சேர்ந்துதான் என்று 1936-இலேயே எழுதினார் கர்ட் லெவின் என்ற அறிஞர்; இட்லர் ஆட்சி ஏறியதும் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சேர்ந்த யூதர். ஆயினும் வழக்கு முடிந்தபாடில்லை!

ஓர் எடுத்துக்காட்டு கேட்டார் தோழர். சாலமன் ஆஷ் நடத்திய சோதனையைச் சொன்னோம். 1950-களிலே அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து நடத்தியது. ஓர் அட்டையிலே ஒரு கோடு. இன்னோர் அட்டையிலே மூன்று கோடுகள். மூன்றிலே எது முதற் கோட்டின் நீளம்? அவ்வளவுதான் கேள்வி, குழந்தையும் சொல்லும்! ஆனால், அறையிலே அமர்ந்திருப்பவர்களிலே ஒருவர் மட்டுமே உண்மையில் சோதிக்கப்படுபவர். மற்றவர் அனைவரும் ஆஷ் முன்கூட்டியே சொல்லி வைத்த ஆட்கள். ஒருவர் பின் ஒருவராகத் தவறான கோட்டையே காட்டுவார்கள். கடைசியில் நமது ஆளின் முறை வரும். அவன் கண்ணை நம்புவானா, கூட்டத்தை நம்புவானா?

123 பேரைச் சோதித்தார் ஆஷ். அவர்கள் கூறிய விடைகளிலே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூட்டத்தோடு ஒத்துப்போன தவறான விடைகள். கண் கண்டது; வாய் மறுத்தது! நான்கில் ஒருவர் அளவுக்கு இறுதிவரை வளையவே இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. மற்றொன்றையும் கண்டார் ஆஷ். அந்த அறையிலே ஒரே ஒருவர், ஆம், ஒரே ஒருவர், உண்மையைச் சொல்லும் துணையாக இருந்துவிட்டால், தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன.

சிரித்தார் தோழர். "இது எங்க கேட் மீட்டிங்லயே நடக்குமுங்க. ஒருத்தன் கை தூக்கற வரைக்கும் ஒருத்தனும் தூக்கமாட்டான்" என்றார். அவர் அனுபவத்தில் அறிந்ததை, அளந்து, எண்ணி, எந்த நிலையிலே கூடும், எந்த நிலையிலே குறையும் என்று கணக்குப் பார்த்துக் கூறுவதுதான் அந்தப் படிப்பு என்றோம். பிறகு கதைக்கு வந்தோம்.

கென்னத் கிளார்க் என்று ஒருவர். 1914-ஆம் ஆண்டு பனாமாக் கால்வாய்ப் பகுதியிலே பிறந்தவர். கருநிறத்தார். சிறுவனாய் இருக்கையிலேயே தாய் மிரியம், தன் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிக்கு வந்து சேர்ந்தார். தந்தை உடன் வரவில்லை. ஆடை தைக்கும் பட்டறையிலே வேலை தாய்க்கு. குனிந்த தலை நிமிராமல் தைக்க வேண்டும், கூலியோ குறைவு. அந்தப் பட்டறையிலே சங்கம் அமைக்க உழைத்து, மகளிர் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் பட்டறைப் பிரதிநிதியாகவும் ஆனார் அந்த அம்மையார்.

பள்ளியிலே மகன் உயர் வகுப்புக்குச் செல்லும் நேரம் வந்தது. கருநிறப் பிள்ளைகளுக்கு என்று ஒரு வழி வைத்திருந்தார்கள் அந்நாளிலே. தொழிற்பள்ளிக்குப் போ, கைத்தொழில் ஏதாவது கற்றுக்கொள், உனக்கு ஏன் கல்லூரி வாசல் என்று ஆலோசனை கூறுவது பள்ளியாரின் வழக்கம். கென்னத்துக்கும் அதே ஆலோசனைதான். கேட்டார் தாய், புறப்பட்டார் பள்ளிக்கு! தையல் வேலை செய்து தான் மகனை வளர்ப்பது இதற்காக அல்ல என்பதை அங்கே உள்ளவர்களுக்குப் புரியும்படி கூறிவிட்டுத்தான் திரும்பினார். மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போனான்.

கைத்தொழிலை இழிவாகக் கூறுவதாகத் தோழர்கள் எண்ணிவிட வேண்டாம். கைத்தொழில் செய்தே பிள்ளையைக் காத்தவர்தான் அந்தத் தாய். "உனக்கு இதுதான்" என்று இன்னொருவன் கோடு கிழிப்பதைத்தான் அவர் ஏற்கவில்லை.

வாஷிங்டன் நகரிலே ஹோவார்டு பல்கலைக் கழகம். கருநிற மக்களுக்கு அந்நாளிலே இருந்த பெரிய அறிவுக்கூடம். அங்கே சென்றார் கென்னத், மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தோடு. அங்கே பிரான்சிஸ் சம்னர் என்று ஓர் ஆசிரியர். அமெரிக்காவிலே உளநூலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கருநிறத்தார் அவர், ஆண்டு 1920. உயர்நிலைப் பள்ளியிலே முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கூட அல்ல! தந்தையிடம் வீட்டிலேயே பாடம் கேட்டு, நுழைவுத் தேர்வு எழுதிக் கல்லூரி ஏறியவர். அவர் பாடம் கேட்ட கென்னத், மருத்துவத்தை விட்டார், உளநூலைப் பிடித்தார். படிக்கும்போதே, நாடாளுமன்றக் கட்டடத்து உணவு விடுதியிலே கருநிறத்தாருக்கு இடமில்லை என்பதைக் கண்டித்து மாணவரோடு மறியல் செய்து, போலீசில் சிக்கினார் என்பதும் ஒரு சேதி.

அதே பல்கலைக் கழகத்துக்கு 1934-இலே வந்தார் மேமி பிப்ஸ். ஆர்க்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரிலே 1917-இல் பிறந்தவர். தந்தை மருத்துவர். வசதி இருந்தது. ஆனால் வசதி நிறத்தை மாற்றுமா? கருநிறப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய பள்ளியிலேதான் படித்தார். ஹோவார்டுக்கு அவர் வந்தது எதைப் படிக்க? கணக்கு! கணக்கும் பௌதிகமும் படிக்க வந்தவர். கணக்கு ஆசிரியர்கள் பெண் பிள்ளைகளிடம் பாராமுகமாக இருந்தார்கள் என்று பிற்காலத்திலே அவரே கூறியிருக்கிறார். உளநூல் படியேன் என்றார் கென்னத். படித்தார். 1937-இல் இருவரும் வீட்டாருக்குத் தெரியாமல் மணமும் செய்துகொண்டனர்.

கல்லூரியிலே தேறியதும் ஒரு கோடைக்காலம், வாஷிங்டனிலே கருநிற வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்து வேலை பார்த்தார் மேமி. நிறவேற்றுமையை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர்கள் வந்து போகும் இடம் அது. பேச்சைக் கேட்டார், ஆவணங்களைப் பார்த்தார். சட்டம் பிரிக்கிறது என்பது தெரிந்தது. பிரிக்கப்பட்ட பிள்ளையின் உள்ளத்திலே என்ன நடக்கிறது? அதை யாரும் அளக்கவில்லை என்பதும் தெரிந்தது. முதுகலைப் பட்டத்துக்கு அதையே பொருளாக எடுத்துக்கொண்டார். தான் கருநிறம் என்பதை ஒரு குழந்தை எந்த வயதிலே உணர்கிறது? மூன்று நான்கு வயதிலேயே உணர்கிறது என்று கண்டார்.

பிறகு வந்தவை பொம்மைகள். நான்கு பொம்மைகள். இரண்டு பழுப்பு நிறம், கருங்கூந்தல். இரண்டு வெள்ளை நிறம், மஞ்சட் கூந்தல். நிறமும் முடியும் தவிர எள்ளளவு வேறுபாடும் இல்லை. மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள 253 கருநிறக் குழந்தைகளிடம், கணவனும் மனைவியும் அந்தப் பொம்மைகளைக் காட்டிக் கேட்டனர். ஆர்க்கன்சாவிலே தனிப்பள்ளிகளில் படித்த பிள்ளைகள் 134. வடக்கே மாசசூசெட்சு மாநிலத்திலே எல்லா நிறத்தாரும் கலந்து படித்த பள்ளிகளிலே 119.

கேள்விகள் எட்டு. விளையாட உனக்குப் பிடித்த பொம்மையைக் கொடு. நல்ல பொம்மையைக் கொடு. கெட்டதாகத் தோன்றும் பொம்மையைக் கொடு. அழகான நிறமுள்ள பொம்மையைக் கொடு. இப்படியே போய்க் கடைசியிலே வரும் கேள்வி: உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு.

விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்த குழந்தைகள் நூற்றுக்கு 67. பழுப்புப் பொம்மைதான் கெட்டது என்று நீட்டியவர்கள் நூற்றுக்கு 59. அதன் பிறகுதான் "உன்னைப் போல எது?" என்ற கேள்வி. கெட்டது என்று சற்று முன் காட்டிய அதே பொம்மையை இப்போது தன் உருவம் என்று எடுத்துக் கொடுக்க வேண்டும்! வடக்கே சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடின. தெற்கே சில குழந்தைகள், பழுப்புப் பொம்மையைக் காட்டி, வெள்ளையர் தங்களை ஏசும் அந்த இழிசொல்லையே தங்களுக்குப் பெயராகச் சொல்லி, சிரித்தன. அழுத குழந்தையைவிடச் சிரித்த குழந்தையே தன்னை அதிகம் கலக்கியது என்பது போலக் கென்னத் பேசியிருக்கிறார். யாரும் அந்தக் குழந்தைகளுக்கு அதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. கடைத்தெருவிலே கற்றன, பேருந்திலே கற்றன, அப்பாவைப் பார்த்து 'ஏ, பையா' என்று எவனோ கூப்பிட்டபோது கற்றன.

இங்கே சற்று நின்று, கதையிலே வரும் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோவார்டை விட்டு நியூயார்க் கொலம்பியா பல்கலைக் கழகம் சென்றனர் இருவரும். 1940-இலே கென்னத் முனைவரானார். அந்தப் பல்கலைக் கழகத்திலே உளநூலில் அப்பட்டம் பெற்ற முதல் கருநிறத்தார். 1943-இலே மேமி, இரண்டாமவர். மேமி தன் ஆய்வுக்கு வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்தது யாரை? ஹென்றி கேரட் என்ற பேராசிரியரை. கருநிறத்தார் அறிவிலே பிறவியிலேயே தாழ்ந்தவர் என்று நம்பியவர் கேரட். நம்பியது மட்டுமல்ல, வாழ்நாள் முழுதும் எழுதியும் பேசியும் வந்தவர்! தெரிந்தேதான் போனார் மேமி. புலிக்குகையிலே புகுந்து புள்ளியியல் கற்றார்!

சாதாரண ஆளா கேரட்? 1946-இலே அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர். அவர் எழுதிய புள்ளியியல் நூலை நம் நாட்டுக் கல்லூரிகளிலும் உளவியல், கல்வியியல் மாணவர்கள் நெடுங்காலமாகப் படித்து வந்திருக்கிறார்கள். நூல் நல்ல நூல்தான், கணக்குத் தவறல்ல. சராசரி காண்பது எப்படி என்பதைக் கேரட் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தார். அதே சராசரியை மேமியும் கண்டார். ஒரே கலை, ஒரே கருவி, ஒரே வகுப்பறை. கேரட்டுக்குத் தோன்றிய கேள்வி, "இவர்கள் எவ்வளவு தாழ்ந்தவர்கள்?" மேமிக்குத் தோன்றிய கேள்வி, "இவர்களுக்கு யார் என்ன செய்தார்கள்?" அளவுகோல் பேசுவதில்லை தோழர்களே, அதைப் பிடித்திருக்கும் கை பேசுகிறது!

இருவரும் எதிரெதிரே நிற்கும் நாளும் வந்தது.

வர்ஜீனியா மாநிலம், பிரின்ஸ் எட்வர்டு வட்டாரம். கருநிறப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியிலே இடம் போதவில்லை. தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளிலே வகுப்பு. 1951 ஏப்ரலிலே, பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி முன்னின்று நடத்த, பள்ளி முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது! அந்த வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்தது ஒரு வழக்கு. 1952-இலே நீதிமன்றத்தில் அரசுத் தரப்பிலே சாட்சி கூற வந்தார் பேராசிரியர் கேரட். பிரித்து வைப்பதால் பிள்ளைகளுக்குத் தீங்கில்லை என்றார். அவருக்கு மறுமொழி கூற வழக்கறிஞர் ராபர்ட் கார்ட்டர் அழைத்தது அவருடைய மாணவியை. வந்தார் மேமி. ஆசிரியர் முன்னிலையிலே, ஆசிரியர் கற்றுக் கொடுத்த கலையைக் கொண்டே, ஆசிரியரை மறுத்தார்.

கென்னத், அதற்கு முந்திய ஆண்டே, தென் கரோலினாவின் கிளாரெண்டன் வட்டாரத்துக்குப் பொம்மைகளோடு போயிருந்தார். அங்கே 16 குழந்தைகள். 10 பேருக்கு வெள்ளைப் பொம்மை பிடித்தது. 11 பேர் பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்றனர். பொம்மையைக் கொண்டா வழக்காடுவது என்று கருநிறத்தார் பக்கத்து வழக்கறிஞர்களிலேயே சிலர் நகைத்தனர். உங்கள் ஆலையிலே சிரிக்கிறார்களே அண்ணே, அது போல! தர்குட் மார்ஷல் சிரிக்கவில்லை. பிற்காலத்திலே அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் கருநிற நீதிபதியான அந்த வழக்கறிஞர், காயம் பட்டவன் காயத்தைக் காட்டித்தான் ஆகவேண்டும், உள்ளத்திலே பட்ட காயத்தைக் காட்ட இந்தக் கலைதான் இருக்கிறது என்று கருதினார்.

கிளாரெண்டனிலும் தோல்வி, வர்ஜீனியாவிலும் தோல்வி. கீழ்மன்றங்கள் கைவிரித்தன. அவ்வழக்குகளோடு கான்சாஸ், டெலவர் மாநில வழக்குகளும் சேர்ந்து உச்சநீதிமன்றம் ஏறின. 1954 மே 17. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பைப் படித்தார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு! பொதுப் பள்ளிகளிலே நிறத்தால் பிரிப்பது சட்டத்துக்கு முரண். பிரிக்கப்பட்ட பிள்ளையின் நெஞ்சிலே தாழ்வு எண்ணம் வேரூன்றுகிறது, அதைப் பிறகு அகற்றுவது அரிது என்பதையும் தீர்ப்பு கூறிற்று. அதற்குச் சான்றாக அடிக்குறிப்பு ஒன்று, எண் 11. அதிலே முதலிலே நின்ற பெயர், தையல் தொழிலாளியின் மகன் கென்னத் கிளார்க்.

இவ்விடத்திலே தோழர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அப்புறம் எல்லாம் சரியாப் போச்சுங்களா?" என்றார்.

போகவில்லை அண்ணே. அந்தப் பிரின்ஸ் எட்வர்டு வட்டாரத்திலே என்ன செய்தார்கள் தெரியுமா? கருநிறப் பிள்ளையோடு வெள்ளைப் பிள்ளையை உட்கார வைக்க மனமில்லாமல், 1959-இலே பொதுப் பள்ளிகளையே இழுத்து மூடினார்கள். ஐந்து ஆண்டுகள்! 1964 வரையில் பூட்டு. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி பிறந்தது. கருநிறப் பிள்ளைகள் தெருவிலே நின்றனர். நல்ல தீர்ப்பு வந்துவிட்டால் நாடு மாறிவிடும் என்று நம்பிய கென்னத், முதுமையிலே மிகவும் மனம் கசந்து பேசினார். 2005-இலே மறைந்தார். மேமி 1983-இலேயே மறைந்துவிட்டார்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொம்மைச் சோதனையைக் குறை கூறுவோர் உண்டு. அவர்கள் எல்லோரும் கேரட்டின் ஆட்கள் அல்லர். தனிப்பள்ளிப் பிள்ளைகளைவிட, வடக்கே கலந்து படித்த பிள்ளைகளே வெள்ளைப் பொம்மையைச் சற்று அதிகமாக எடுத்தனர். அப்படியானால் தீங்குக்குக் காரணம் தனிப்பள்ளி மட்டும்தான் என்று எப்படிக் கூறுவது? நியாயமான கேள்வி. பள்ளி மட்டுமல்ல, நாடு முழுவதுமே காரணம் என்பதுதான் நமக்குத் தோன்றும் விடை. ஆனால் 16 குழந்தைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்பவனை நாம் எதிரி என்று ஏசக்கூடாது. அப்படிக் கேட்கக் கற்றுக் கொடுப்பதுதான் இந்தப் படிப்பே!

அதிலும் அண்மைக் காலத்திலே அந்தக் கலை தன் வீட்டைத் தானே பெருக்கிப் பார்த்தது. 1971-இலே ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்திலே ஒரு பொய்ச் சிறை அமைத்து, மாணவர்களையே காவலராகவும் கைதிகளாகவும் நிறுத்தி நடத்திய சோதனை, உலகப் புகழ் பெற்றது. காவலர்கள் தாமாகவே கொடுமையாளர் ஆனார்கள் என்று எல்லாப் பாடநூல்களும் கூறின. பிறகு பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டால், கடுமையாக இரு என்று காவலரைத் தூண்டிய குரல் இருக்கிறது! 2015-இலே உளவியல் ஆய்வுகள் நூற்றை எடுத்து மறுபடி செய்து பார்த்தனர். முன்பு சொன்ன முடிவு ஏறத்தாழ 36-இல்தான் தெளிவாக மீண்டும் வந்தது. சமூக உளவியல் ஆய்வுகளிலே இன்னும் மோசம். வெட்கப்பட வேண்டிய சேதிதான். ஆனால், தன் பழுதைத் தானே எண்ணி ஊரறிய வெளியிடும் துணிவு எத்தனை துறைகளுக்கு உண்டு?

வேறொரு கணக்கும் 2010-இலே வெளிவந்தது. உளவியல் ஆய்வுகளிலே சோதிக்கப்படும் மக்களில் நூற்றுக்கு 96 பேர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். மேலைநாட்டார், அவர்களிலும் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அவர்களைப் பார்த்துவிட்டு 'மனிதன் இப்படி' என்று நூல் எழுதுகிறார்கள்! இரவு ஷிப்டு முடித்து மூன்று மணிநேரத் தூக்கத்தோடு ரேஷன் கடை வரிசையிலே நிற்பவன் மனிதன் இல்லையா? அவன் எப்படி முடிவெடுக்கிறான், எதற்கு அஞ்சுகிறான், எப்போது சீறுகிறான் என்று யார் கேட்பது?

நம் நாட்டிலே இக்கேள்வியின் ஓரத்தைத் தொட்டவர்கள் உண்டு. கார்லா ஹாப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பள்ளிச் சிறுவர்களிடம் வழிகாண் புதிர்களைக் கொடுத்து, முடிக்கும் ஒவ்வொன்றுக்கும் காசு என்றார்கள். மேல்சாதி எனப்படுவோர் பாதி, தாழ்த்தப்பட்டோர் பாதி. சாதியைச் சொல்லாதபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே முடித்தனர். பெயரோடு சாதியையும் எல்லோர் எதிரிலும் உரக்கப் படித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை விழுந்துவிட்டது! அதே சிறுவன், அதே மூளை, அதே புதிர். இடையிலே வந்தது ஒரே ஒரு சொல். 2006-இலே வெளிவந்தது இந்த ஆய்வு. படித்த அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

"அதெல்லாஞ் சரிங்க தம்பி. வேலை?" என்றார் தோழர். விடாக்கண்டன்! நாமும் அதை மறக்கவில்லை.

வேலை உடனே கிடைத்துவிடும் என்று பொய் கூறமாட்டோம். முனைவர் பட்டம் பெற்ற மேமிக்கே கிடைக்கவில்லை. கருநிறப் பெண்ணுக்கு உளநூல் பட்டமா என்று நியூயார்க் நகரமே வியந்து கதவைச் சாத்தியது. தகுதிக்குக் குறைந்த வேலைகளைப் பார்த்தார். பிறகு 1946-இலே, தந்தையிடம் 946 டாலர் கடன் பெற்று, ஹார்லெமிலே ஒரு கட்டடத்தின் அடித்தளத்திலே, குழந்தைகளுக்கான மையம் ஒன்றைக் கணவரோடு தொடங்கினார். மந்தபுத்தி என்று பள்ளிகள் ஒதுக்கித் தனி வகுப்பிலே தள்ளிய பிள்ளைகளைத் தாய்மார்கள் அழைத்து வந்தார்கள். சோதித்துப் பார்த்தார் மேமி. அவர்களிலே பெரும்பாலோருக்கு மந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை! பள்ளி போட்ட முத்திரைதான் பொய். நார்த்சைடு என்ற அந்த மையத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரே நடத்தினார். கென்னத் நியூயார்க் நகரக் கல்லூரியிலே பேராசிரியர். பிற்காலத்திலே, கேரட் வகித்த அதே உளவியல் சங்கத் தலைவர் பதவியிலே அமர்ந்த முதல் கருநிறத்தார்.

இங்கே, மூன்றாண்டு இளங்கலையோடு நிறுத்தினால் எந்தப் பட்டதாரியும் எழுதும் தேர்வுகளை எழுதலாம். இரண்டாண்டு முதுகலையும் முடித்தால் பள்ளி ஆலோசகர், ஆலைகளிலே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி தரும் பிரிவு, மக்கள் நலத் திட்டங்களின் பலனை அளக்கும் ஆய்வு வேலை என்று வழிகள் உண்டு. ஆராய்ச்சி என்றால் இன்னும் சில ஆண்டுகள். உதவித்தொகைக்குப் போட்டி கடுமை. நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே. அதையும் சொன்னோம். சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியிலே சோதனைக்கூடம் இருக்கிறதா, பாடம் நடத்த ஆசிரியர் போதுமான பேர் இருக்கிறார்களா என்று நேரிலே போய்ப் பாருங்கள் என்றும் சொன்னோம். பெயர்ப்பலகையை நம்பிப் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

தோழர் மதிப்பெண் பட்டியலை மீண்டும் விரித்தார். விரல் கணக்குப் பாடத்தின் மீது போய் நின்றது.

"இந்த 91 வீணாப் போயிருமேன்னுதானுங்க எனக்கு..."

"வீணாகாது அண்ணே. அந்தப் படிப்பிலே புள்ளியியல் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. கணக்குக்கு அஞ்சித்தான் பாதிப் பேர் அங்கே தடுமாறுகிறார்கள். மேமியும் கணக்குப் படிக்கப் போனவர்தானே!"

பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மகளையே அழைத்து வருவதாகச் சொன்னார். அந்தப் பொம்மைக் கதையை அவளிடம் தான் சொன்னால் பாதி விட்டுப்போகுமாம். இரவு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.